முதல் இரவுகளில் நாய்க்குட்டி எங்கே படுப்பது?

புதிதாக வந்த நாய்க்குட்டி ராத்திரியில் அழுதால் என்ன செய்வது? இதற்கு இரண்டு பதில்கள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. 'அழட்டும் விடு, ரெண்டு நாள்ல அடங்கிடும்' என்பது ஒன்று. 'பாவம், தூக்கிப் பக்கத்துல போட்டுக்கோ' என்பது இன்னொன்று. பெரும்பாலான வீடுகளில் அப்பா முதல் கட்சி, பிள்ளைகள் இரண்டாம் கட்சி. அம்மா எந்தக் கட்சி என்பது அன்றைக்கு அவர் எத்தனை மணிக்கு எழுப்பப்பட்டார் என்பதைப் பொறுத்தது. நாய்களின் நடத்தையை ஆராய்ந்தவர்கள் அறுபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பதைப் படித்துப் பார்த்தால், கேள்வியே கொஞ்சம் தாமதமாகக் கேட்கப்படுகிறது என்று தோன்றுகிறது. குட்டி எத்தனை நாளில் தாயை விட்டு வந்தது, வந்த பகலை எப்படிக் கழித்தது, அதன் படுக்கை எங்கே போடப்பட்டது ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த இரவை முன்கூட்டியே பாதிக்குமேல் தீர்மானித்துவிடுகின்றன. அழுத பிறகு நாம் செய்வதெல்லாம் மிச்சக் கணக்கு.

முதலில் அந்த அழுகை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அங்கே ஐந்து இன நாய்களைப் பல தலைமுறை வளர்த்துப் பார்த்து, 1965இல் நாயின் மரபியலும் சமூக நடத்தையும் பற்றிய தடிமனான நூல் ஒன்றை வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி யாரோடு பழகுகிறதோ அவர்களே அதற்குச் சொந்தம் என்ற கருத்து அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. அதே ஆய்வுக்கூடத்தில் 1961இல் எலியட்டும் ஸ்காட்டும் செய்த சோதனை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. குட்டியைச் சிறிது நேரம் தனியே விட்டு, அது எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணினார்கள். பழகிய இடத்தில் தனியே விட்டதைவிட, அறியாத இடத்தில் தனியே விட்டபோது கத்தல் மிக அதிகம். அந்தக் கத்தல் உச்சத்துக்குப் போனது ஆறு, ஏழு வார வயதில்.

இதை நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நாள் குட்டி என்று சொல்லித்தான் இங்கே பெரும்பாலும் விற்கிறார்கள். 'சின்னதா வாங்கினாதான் ஒட்டிக்கும்' என்று வாங்குபவரும் விரும்புகிறார். அதாவது பிரிவுக்கு மிக அதிகமாகக் கத்தும் வாரத்தைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்து, அறியாத இடத்துக்குக் கொண்டுவந்து, தனியே படுக்கப் போடுகிறோம். ஸ்காட்டின் சோதனையை வீட்டில் திரும்பச் செய்துவிட்டு, குட்டி பிடிவாதம் பிடிக்கிறது என்கிறோம்.

இந்தக் கத்தலின் அடியில் என்ன இருக்கிறது என்று தேடியவர் யாக் பாங்க்செப். 1978இல் அவரும் ஸ்காட்டும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தூக்கமோ மயக்கமோ வராத அளவுக்கு மிகக் குறைவாக மார்ஃபின் கொடுத்தாலே, பிரிவில் கத்தும் குட்டிகளின் அழுகை வெகுவாகக் குறைந்தது. உடல் வலியைத் தணிக்கும் அதே மூளை வேதியியல்தான் துணையின் அருகாமை தரும் நிம்மதிக்கும் அடிப்படை என்பது அவர் முடிவு. குட்டி 'நடிக்கிறது' என்று சொல்பவர்களுக்கு இதைவிடக் கறாரான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பெட்டிஜானும் குழுவினரும் இன்னும் எளிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: தனியே கத்தும் குட்டியிடம் எதைக் கொடுத்தால் அடங்கும்? பீகிள் குட்டிகளையும், மலேசியப் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களின் டெலோமியன் இனக் குட்டிகளையும், இவ்விரண்டின் கலப்புக் குட்டிகளையும் வைத்துச் சோதித்தார்கள். தின்னக் கொடுத்தது பெரிதாக உதவவில்லை. மென்மையான துணி ஓரளவு உதவியது. எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது ஒரு மனிதர் கூட இருந்தது. பாலையும் பிஸ்கட்டையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும் வழக்கத்தின் பலவீனம் 1977இலேயே அளக்கப்பட்டுவிட்டது.

சரி, 'அழட்டும் விடு' கட்சியிடம் நியாயமே இல்லையா? இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. முக்கால் மணி நேரம் கத்திய பிறகு பொறுக்க முடியாமல் போய்த் தூக்கினால், முக்கால் மணி நேரம் கத்தினால்தான் ஆள் வரும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும். எப்போதாவது கிடைக்கும் பலன், எப்போதும் கிடைக்கும் பலனைவிட ஒரு பழக்கத்தை அழுத்தமாக ஊன்றிவிடும் என்பது ஸ்கின்னர் காலத்திலிருந்தே உறுதிப்பட்ட பாடம். ஒரு நாள் தூக்கி, மறுநாள் திட்டி, மூன்றாம் நாள் கண்டுகொள்ளாமல் விடும் வீடுகளில்தான் இரவு அழுகை மாதக்கணக்கில் இழுக்கிறது. அந்தக் கட்சி சறுக்குவது வேறு இடத்தில். அழுகை நின்றதையே குட்டி நிம்மதியானதற்குச் சான்றாக அது எடுத்துக்கொள்கிறது. ஓய்ந்துபோவதும் தேறிக்கொள்வதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மறுபக்கத்தார் இங்கே செலிக்மனும் மையரும் 1967இல் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையை இழுத்து வருவதுண்டு. தப்பிக்க வழியில்லாத வேதனையும் ஓரிரவுத் தனிமையும் ஒன்றல்ல. அந்த ஒப்பீடு மிகை.

இந்த வாதத்தின் பின்னணியில் ஒரு வீட்டமைப்பு இருப்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை. அமெரிக்காவில் லூதர் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் 1894இலேயே, வீம்புக்கு அழும் குழந்தையை அழுது ஓயவிடச் சொன்னார். 1985இல் ரிச்சர்ட் ஃபெர்பர், நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் போய்ப் பார்த்துவரும் முறையைப் பிரபலமாக்கினார். குழந்தைக்கே தனி அறை, தனித் தொட்டில் என்று ஒதுக்கும் ஊரில் எழும் சர்ச்சை அது. நாய்க்குட்டிக்கு அடுக்களையை ஒதுக்கிக் கதவைச் சாத்தச் சொன்ன கையேடுகளும் அதே வீட்டை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டன. கூடத்தில் பாய் விரித்து, தூளியைக் கையெட்டும் தூரத்தில் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள் நாம். இரவில் சின்ன உயிர் முனகினால் கையை நீட்டித் தட்டிக்கொடுப்பதைப் புத்தகம் பார்த்துக் கற்க வேண்டியதில்லை.

நம் தடை வேறு மாதிரியானது. நாய் வாசல் பிராணி. பூஜை அறை இருக்கிறது, பாட்டிக்கு இளைப்பு இருக்கிறது, வீட்டுக்குள் சேர்த்தால் காவல் காக்காது என்ற நம்பிக்கையும் இருக்கிறது. ஆகவே வந்த அன்றே போர்ட்டிகோவில், சில வீடுகளில் சங்கிலியோடு. கிராமத்தில் இது ஓரளவு ஓடியது. குட்டி பெரும்பாலும் அடுத்த தெருவிலிருந்து வந்தது, திண்ணையில் ஆள் படுத்திருந்தார், தொழுவத்தில் மாடும் வேறு நாயும் இருந்தன. தனிமை என்பது அங்கே அரிது. நகரத்துப் போர்ட்டிகோவில் காரைத் தவிர யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் ராத்திரி முழுக்கச் சண்டை போடுகின்றன. காவலைப் பற்றிய பயத்துக்கும் ஆதாரம் குறைவு. தன் எல்லையைக் காக்கும் குரைப்பு நாய் வளர்ந்து பருவமடையும்போது வருவது. இரண்டு மாதக் குட்டி இரண்டு வாரம் ஆளுக்குப் பக்கத்தில் படுத்ததால் அது வராமல் போகாது. இந்த ஊர் இனங்களான ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பேர்போனவை. அவற்றின் குட்டிகளும் தாயின் வயிற்றோடு ஒட்டித்தான் தூங்கின.

பக்கத்தில் படுக்க விட்டால் நாய் தலைமேல் ஏறிவிடும் என்ற மேல்நாட்டு அச்சத்தின் கதையும் சுவையானது. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கெல் 1947இல் எழுதியதும், டேவிட் மெக் 1970இல் வெளியிட்ட ஓநாய் நூலும் கூட்டத் தலைவன் என்ற கருத்தைப் பரப்பின. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான் என்று மெக்கே 1999இல் எழுதித் தன் பழைய கருத்திலிருந்து விலகினார். ஆனாலும் நாய்ப் பயிற்சியாளர்கள் சிலர் இன்னும் அந்தப் பழைய ஓநாயைத்தான் வளர்க்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், நியூயார்க் மாநிலத்தில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்த்துப் பெயர்பெற்ற நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் கண்டிப்பான பயிற்சிக்காகப் பின்னாளில் விமர்சிக்கப்பட்டவர்கள். நாய் மனிதரின் படுக்கையறையில்தான் தூங்க வேண்டும் என்று 1978இலேயே வற்புறுத்தி எழுதியவர்களும் அவர்களே.

அருகில் என்றால் கட்டில்மேல் என்று பொருளில்லை. இங்கேதான் அண்மைக் கால ஆய்வு ஒரு திருப்பம் தருகிறது. பிரிட்டனில் 'ஜெனரேஷன் பப்' என்ற திட்டத்தின்கீழ் ஏராளமான நாய்களைக் குட்டியிலிருந்தே ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து தகவல் சேர்க்கிறார்கள். அதிலிருந்து 2024இல் வெளியான கட்டுரை, ஆறு மாத வயதில் தனியே விடும்போது தவிக்கும் நாய்களை ஆராய்ந்தது. நாலு மாதத்துக்குள்ளேயே இரவில் கூண்டிலோ ஒரே அறையிலோ படுத்துப் பழகியவற்றிடமும், இரவில் ஒன்பது மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவற்றிடமும் அந்தத் தவிப்பு குறைவாகக் காணப்பட்டது. இப்படித் தொடர்பு காட்டும் ஆய்வுகள் காரணத்தை நிரூபிப்பதில்லை. நன்றாகத் தூங்கும் குட்டி இயல்பிலேயே நிதானமானதாகவும் இருக்கலாம். ஆனாலும் துணையைப் பற்றிய பழைய ஆய்வுகளையும் இதையும் ஒன்றாக வைத்தால் வழி தெளிவாகிறது. குட்டிக்கென்று ஒரு எல்லையுள்ள இடம் வேண்டும். முதல் நாட்களில் அந்த இடம் ஆள் மூச்சு கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் உயரமான அட்டைப்பெட்டி போதும். கூடத்தில் பாய் போட்டுப் படுப்பவருக்கு இன்னும் வசதி.

கூண்டு என்றதும் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்கு அது இல்லாமல் குட்டி வளர்ப்பே இல்லை. சுவீடனிலோ, பயணம் போன்ற சில சூழல்கள் தவிர, நாயை வீட்டுக்குள் சிறு கூண்டில் பூட்டி வைப்பதை விலங்கு நல விதிகளே அனுமதிப்பதில்லை. தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய் தயங்கும் என்ற இயல்பைப் பயன்படுத்துவதுதான் கூண்டின் தர்க்கம். பகலில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சோறு போட்டு, குட்டி தானாகவே போய்ச் சுருண்டு படுக்கும் அளவுக்குப் பழக்கிய பிறகு இரவில் மூடினால் அது படுக்கை. வந்த அன்றே உள்ளே தள்ளித் தாழ் போட்டால் அது சிறை. இணையத்தில் வாங்கிய கம்பிக் கூண்டை மொட்டை மாடியில் வைத்துவிட்டு 'கிரேட் டிரெய்னிங்' என்று சொல்பவர்களை இரண்டு நாட்டவரும் ஏற்க மாட்டார்கள்.

சேர்த்துச் சொல்லப்படும் உபகரணங்களை விரைவாகப் பார்த்துவிடலாம். துணியில் சுற்றிய கடிகாரத்தின் டிக் டிக் தாயின் இதயத் துடிப்பைப் போலிருக்கும் என்பது பழைய கைவைத்தியம், கெடுதல் இல்லை. சுடுநீர்ப் புட்டி குளிர் நாட்டு யோசனை. சென்னையின் மே மாத இரவில் அது குட்டியைத் தவிக்க வைக்கும். இங்கே வேண்டியது காற்றும் குளிர்ந்த தரையில் புரள இடமும். ஏசி ஓடும் அறையானால் கதை மாறும், தரையில் கோணிச் சாக்கும் மேலே பழைய போர்வையும் அவசியம். பாலூட்டும் தாயின் மடியில் சுரக்கும் வாசனைப் பொருளை ஒத்ததாகச் செயற்கையாகத் தயாரித்து 'அடாப்டில்' என்ற பெயரில் விற்கிறார்கள். டெய்லரும் மில்ஸும் 2007இல் புதுக் குட்டிகளிடம் அதைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள்; அழுத இரவுகள் குறைந்தன, வீட்டை அசுத்தம் செய்வது குறையவில்லை. ஆனால் 2010இல் இத்தகைய ஆய்வுகளை மொத்தமாக மதிப்பிட்டவர்கள், பெரும்பாலானவற்றில் சான்று போதாது என்றார்கள். அந்தக் காசுக்கு முன்னால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது: குட்டியை எடுக்கப் போகும்போது ஒரு பழைய துண்டைக் கொண்டுபோய்த் தாயும் மற்றக் குட்டிகளும் படுத்திருக்கும் இடத்தில் தேய்த்து எடுத்து வருவது.

பகலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கென்னவோ பாதிப் பிரச்சினை அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. குட்டி வந்த அன்று தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். கை மாறி, மடி மாறி, படம் எடுத்து, உறவினர் வந்து பார்த்து, பாவம் அது அன்று கண் மூடுவதே இல்லை. குட்டிகள் நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும் என்று பரவலாக எழுதுகிறார்கள். பிறந்த சில வாரங்களுக்கு அது பொருந்தலாம். ஜெனரேஷன் பப் திட்டத்தில் 16 வாரக் குட்டிகளின் உரிமையாளர்கள் சொன்ன மொத்தக் கணக்கு ஏறத்தாழ 11 மணி நேரம்தான். உரிமையாளர் பார்க்காத தூக்கம் அதில் விடுபட்டிருக்கக்கூடும். எந்தக் கணக்கை நம்பினாலும், பகலில் தூங்கவிடாமல் களைக்க வைத்தால் இரவு நன்றாகத் தூங்கும் என்பது தப்புக் கணக்கு. அளவு மீறிக் களைத்த குட்டி கடிக்கும், ஓடும், சிணுங்கும், அடங்காது. பகலிலேயே இரண்டு மூன்று முறை, இரவில் படுக்கப்போகும் அதே பெட்டியில், ஆள் பக்கத்தில் இருக்கத் தூங்க வைத்தால் இரவில் அது அறியாத இடமாக இராது. எலியட்டும் ஸ்காட்டும் கண்ட வித்தியாசத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும் வழி இது.

'விடிய விடிய' என்ற எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வளர்ந்த நாயே நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸும் ஜான்சனும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், நாய்கள் இரவில் சராசரியாக 16 நிமிடம் தூங்கி 5 நிமிடம் விழித்திருந்தன. விழித்ததும் மறுபடி கண்ணயரக் கற்பதுதான் குட்டி பழக வேண்டிய திறமை. அதற்கு நடுவே சிறுநீர்ப்பை ஒன்று இருக்கிறது. இரண்டு மாதக் குட்டியால் இரவு முழுக்க அடக்க முடியாது. ஒரு முறையோ இரண்டு முறையோ எழுந்தே ஆக வேண்டும். முதல் வாரத்தில் அழுகை தனிமைக்கா அவசரத்துக்கா என்று பிரித்தறிவது கடினம். அவசரம் என்றே எடுத்துக்கொள்வது உத்தமம். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல் எடுத்துப் போய், முடித்ததும் மெல்லிய குரலில் பாராட்டி, நேரே பெட்டிக்குத் திரும்ப வேண்டும். விளையாட்டு தொடங்கினால் நாளை இரவு மூன்று மணிக்கு அது விளையாடத்தான் எழுப்பும். அதைவிடச் சாமர்த்தியமானது, குட்டி கத்துவதற்கு முன்பே அலாரம் வைத்து நாமே எழுப்பிக் கூட்டிப் போவது. பிறகு அலாரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி, அரை மணி என்று தள்ளிப் போவது. கத்தினால் ஆள் வரும் என்ற கணக்கு இதில் எழுவதே இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் நள்ளிரவில் லிஃப்டில் இறங்க வேண்டியதில்லை; தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டியைத் தெருநாய்கள் உலவும் மண்ணில் விடுவது பார்வோ நோயை அழைத்து வருவது. பால்கனியில் செய்தித்தாளோ புல் போட்ட தட்டோ போதும். கடைசிச் சாப்பாடு தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பாக முடியட்டும். இந்த வெயிலில் தண்ணீரை எடுத்து ஒளித்து வைக்க வேண்டாம். படுக்கும் முன் ஒரு கிண்ணம் பசும்பால் என்ற அன்பு, பல குட்டிகளுக்கு விடியற்காலை வயிற்றுப்போக்கில் முடிகிறது.

எல்லா அழுகையும் ஏக்கம் அல்ல. வயிறு உப்பி, புழு நெளியும் குட்டி இரவெல்லாம் உருளும். உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் மொய்த்தால் படுக்கவே விடாது. சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, சோர்ந்து கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது; பார்வோவில் சில மணி நேரமும் பெரிது. அதுவரை கத்திக்கொண்டிருந்த குட்டி திடீரென்று அமைதியாவதை 'பழகிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இதில் இருக்கிறது.

மறுபடியும் வயதுக்கே வருகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் சமாளிப்பு, இது ஒன்றுதான் தடுப்பு. இத்தாலியில் பியராந்தோனியும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, 30 முதல் 40 நாளுக்குள் பிரிக்கப்பட்டவற்றையும் இரண்டு மாதத்தில் பிரிக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்டது. முன்னவை வளர்ந்த பிறகும் அதிகம் குரைத்தன, அதிகம் பயந்தன, பொருட்களை அதிகம் நாசம் செய்தன. தென்னாப்பிரிக்காவில் ஸ்லாபர்ட்டும் ரஸாவும் 1993இல், ஆறு வாரத்தில் பிரித்த ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள் எடை குறைந்து, அதிகம் நோய்ப்பட்டதைக் கண்டார்கள்; கூடுதல் காலம் தாயோடு இருந்தவை மனிதரோடு ஒட்டுவதில் குறை வைக்கவும் இல்லை. 'சின்னதா வாங்கினாதான் ஒட்டும்' என்ற வாதம் அங்கே அடிபடுகிறது. எதிர்த் திசையிலும் ஓர் எல்லை உண்டு. கண் தெரியாதோருக்கான வழிகாட்டி நாய்களைத் தேர்ந்த கிளாரன்ஸ் ஃபாஃபன்பெர்கர் 1963இல் எழுதிய நூலிலிருந்து 49ஆம் நாள் என்ற கணக்கு பிரபலமானது. குட்டி மனிதரோடு எளிதில் பழகும் அந்தப் பருவம் முடியும் முன் புது வீட்டுக்கு வரட்டும் என்பது அதன் கவலை. எட்டு வாரம் என்பது இவ்விரண்டுக்கும் இடையில் உலகம் கண்ட சமரசம். நம் நாட்டிலும் 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. இந்தியத் தெருக்களிலும் தாய்நாய் கிட்டத்தட்ட மூன்று மாதம் வரை குட்டிகளோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பிலேயே இருக்கிறது என்பதைக் கொல்கத்தாவில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். விற்பவரிடம் பிறந்த தேதியைக் கேட்டு, நாள் போதாதென்றால் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வருகிறேன் என்பது, எந்தக் கருவியையும்விட அதிக இரவுகளை மிச்சப்படுத்தும்.

நாயை வெளியில்தான் படுக்கவைக்க முடியும் என்ற வீடுகளுக்கும் இதிலேயே வழி இருக்கிறது. முதல் இரண்டு வாரம் பெட்டி ஆளுக்குப் பக்கத்தில். குட்டி தானாகப் போய்ப் படுத்து, விழித்தாலும் சத்தமின்றிப் புரண்டு தூங்கத் தொடங்கியதும் அதே பெட்டி, அதே துணியோடு, அறை வாசலுக்கு. சில நாள் கழித்துக் கூடத்துக்கு. பிறகு கதவுக்கு அருகில், கடைசியாகத் தடுப்பூசிகள் முடிந்து, மழையும் வெயிலும் படாத மறைப்பும் அமைந்த பின் போர்ட்டிகோவுக்கு. ஒரு கட்டத்தில் அழுகை திரும்பினால் ஒரு படி பின்னால் வந்து மூன்று நான்கு நாள் நின்று மறுபடி நகர்த்த வேண்டும். பெட்டி நகர்கிற காலத்திலேயே பகலில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனியே இருக்கவும் பழக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இரவில் தேறிய குட்டி வீட்டார் வேலைக்குப் போன பகலில் கதவைப் பிறாண்டும். ஐந்து, ஆறு மாதமாகியும் ஆள் கண்ணை விட்டு மறைந்ததும் எச்சில் வடித்து, நடுங்கி, கதவைக் கடிக்கிற நாய்க்கு இந்தப் படிகள் போதாது; அதைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரிவுப் பதற்றம் என்றே சொல்லிச் சிகிச்சை கேட்க வேண்டும்.